பெற்றோருக்காகக் கத்திஷ் சொல்லும் உரிமை யாருக்கு?

யூதர் ஒருவரின் தாயோ தந்தையோ இறந்துவிட்டால், அடுத்த பதினொரு மாதங்களுக்கு அவர் தினமும் ஜெப ஆலயத்துக்குப் போய் ஒரு சின்ன ஜெபத்தைச் சொல்வது வழக்கம். அதற்குப் பெயர் கத்திஷ். வேகமாகச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். துக்க ஜெபம் என்றே உலகம் முழுக்க அறியப்பட்டாலும் அதில் சாவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இறந்தவரின் பெயர் வராது, ஆன்மா சாந்தியடைய வேண்டும் என்ற வேண்டுதலும் வராது. கடவுள் தம் விருப்பப்படி படைத்த இந்த உலகில் அவருடைய மகத்தான பெயர் உயர்ந்து விளங்கட்டும் என்று தொடங்கி, புகழ்ச்சிமேல் புகழ்ச்சியாகப் போய், கடைசியில் எங்களுக்கும் இஸ்ரவேலர் எல்லோருக்கும் சமாதானம் உண்டாகட்டும் என்று முடிகிறது. அவ்வளவுதான்.

இந்தச் சின்ன ஜெபத்தை யார் சொல்லலாம் என்பதற்கு யூத மத அறிஞர்களான ரபிமார் எழுதி வைத்திருக்கும் தீர்ப்புகளோ ஏராளம். மகன் இல்லாத வீட்டில் மகள் சொல்லலாமா? யூத மதத்துக்கு மாறி வந்தவர், கிறிஸ்தவராகவே இறந்துபோன தன் அப்பாவுக்காகச் சொல்லலாமா? காசு கொடுத்து வேறொருவரைச் சொல்ல வைக்கலாமா? ஆலயம் போக முடியாதவர் திரை வழியாகச் சேர்ந்துகொள்ளலாமா? இவற்றை வெறும் சடங்கு நுணுக்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் பெற்றவரை மண்ணில் வைத்துவிட்டு வந்த ஒரு மனிதர் நிற்கிறார்.

விவாதம் புரிய வேண்டுமானால், கத்திஷ் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இதைத் தனியாகச் சொல்ல முடியாது. மின்யான் வேண்டும், அதாவது வயது வந்த பத்துப் பேர் கொண்ட சபை. பழைய சட்டத்தை அப்படியே பின்பற்றும் மரபுவழிச் சபைகளில் பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர். ஒன்பது பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால், பத்தாவது ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தெருவில் போகிறவரை “நீங்கள் யூதரா, ஐந்து நிமிடம் உள்ளே வருவீர்களா” என்று கேட்டு அழைத்து வருவதும் உண்டு. ஆள் சேர்ந்ததும் துக்கத்தில் இருப்பவர் எழுந்து நிற்கிறார். “யித்கதல் வெயித்கதஷ் ஷெமே ரப்பா” என்று தொடங்குகிறார். மொழி பெரும்பகுதி அரமேயம். ஒரு காலத்தில் சாதாரண மக்கள் பேசிய மொழி. முதல் வாக்கியம் முடிந்ததும் சபை ஒரே குரலில் பதில் சொல்கிறது: “ஆமென். அவருடைய மகத்தான பெயர் என்றென்றும், ஊழிக்காலம் எல்லாம் புகழப்படுவதாக.” ஜெபத்தின் உயிர் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. இடிந்துபோன எருசலேமில் ஜெபம் செய்யப் போன ரபி யோசே ஒரு குரலைக் கேட்டதாக, யூதச் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பழந்தொகுப்பான தால்முத்தில் ஒரு கதை வருகிறது. இஸ்ரவேலர் கூடி இந்தப் பதிலைச் சொல்லும்போதெல்லாம் கடவுள் தலையை அசைத்து, தம் பிள்ளைகளைத் துரத்திவிட்டதை எண்ணி வருந்துகிறாராம்.

ஆக, கத்திஷ் சொல்பவர் ஒரு வகையில் தூண்டிவிடுபவர் மட்டுமே. பத்துப் பேர் வாயைத் திறந்து கடவுளைப் புகழ அவர் காரணமாகிறார். அந்தப் புண்ணியம் இறந்தவர் கணக்கில் சேரும் என்பது நம்பிக்கை. யாருக்கு உரிமை என்ற சண்டையை நான் இந்த இடத்திலிருந்துதான் படிக்கிறேன். சொல்கிறவருக்குத் தகுதி உண்டா என்று கேட்பதுபோல் இருந்தாலும், உண்மையில் அங்கே கேட்கப்படுவது, யார் எழுந்து நின்றால் சபை பதில் சொல்லும் என்பதுதான்.

கத்திஷ் துக்க ஜெபமாகப் பிறக்கவில்லை. யூத வேதமான தோராவின் பாடம் முடிந்ததும் ஆசிரியரும் மாணவர்களும் கடவுளைப் புகழ்ந்து கலையும் வழக்கத்தோடு தொடர்புடையதாக அறிஞர்கள் இதைக் கருதுகிறார்கள். தொடக்கச் சொற்களின் சாயல் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூலில் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவின் அம்ராம் காவோன் தொகுத்த ஜெப நூலில் இதன் பாடம் உண்டு. இன்றும் ஆலய வழிபாட்டில் ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதிக்குப் போகும்போது இதன் வெவ்வேறு வடிவங்கள் வருகின்றன.

இதை அநாதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது ரைன் நதிக்கரை. 1096-இல் முதல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல்கள் வழியில் வோர்ம்ஸ், மைன்ஸ் நகர்களின் யூதர்களைக் கொன்று குவித்தன. அதற்குப் பிந்தைய இரண்டு நூற்றாண்டுகளில் அந்தப் பகுதியில் துக்கக் கத்திஷ் வேரூன்றுவதைப் பார்க்கிறோம். 13-ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் வாழ்ந்த ரபி ஈசாக் பென் மோசே, பொஹீமியாவிலும் ரைன் பகுதியிலும் ஜெபத்தின் முடிவில் அநாதை எழுந்து கத்திஷ் சொல்வான் என்று எழுதுகிறார். பிரான்சில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அப்பா அம்மா உயிரோடு இருக்கும் பையன்கூடச் சொல்லிவிடுகிறான் என்றும் கூடவே குறிப்பிடுகிறார். அப்போது வழக்கம் இன்னும் இறுகவில்லை.

தங்கள் ஊர் வழக்கத்துக்கு ஆதாரமாக அவர் சொல்லும் கதை பண்டைய அறிஞரான ரபி அகிவாவைப் பற்றியது. அகிவா ஒரு நாள் வழியில் ஒரு மனிதனைப் பார்க்கிறார். உடம்பில் துணியில்லை. கரிபோலக் கறுத்திருக்கிறான். தலையில் பெரிய விறகுச் சுமையோடு குதிரை வேகத்தில் ஓடுகிறான். நிறுத்தி விசாரித்தால், அவன் செத்துப்போனவன். உயிரோடு இருந்தபோது வரி வசூலித்தவன். பணக்காரர்களுக்குச் சலுகை காட்டி, ஏழைகளை வாட்டி வதைத்தவன். தினமும் விறகு சுமந்துவந்து, அந்த விறகிலேயே எரிய வேண்டும் என்பது அவனுக்குத் தண்டனை. விடுதலைக்கு வழியே இல்லையா என்று அகிவா கேட்கிறார். எனக்கு ஒரு மகன் இருந்து, அவன் சபை நடுவில் நின்று கடவுளைப் புகழ, சபை பதில் சொன்னால் விட்டுவிடுவார்களாம். ஆனால் எனக்குப் பிள்ளை இல்லை, மனைவியைக் கர்ப்பமாக விட்டுவிட்டு வந்தேன், அவன் பிறந்தானா என்றே தெரியாது என்கிறான். அகிவா ஊரைத் தேடிப் போகிறார். பெயரைச் சொன்னதும் ஊர்க்காரர்கள் சபிக்கிறார்கள். பையன் இருக்கிறான், அப்பன்மேல் இருந்த வெறுப்பில் அவனுக்கு விருத்தசேதனம்கூட யாரும் செய்து வைக்கவில்லை. அகிவா அதைச் செய்து வைத்து, உட்கார வைத்துப் பாடம் சொல்கிறார். ஏறவில்லை. நாற்பது நாள் உபவாசம் இருக்கிறார். அப்புறம்தான் பையனுக்கு எழுத்து வருகிறது. சபையில் எழுந்து நின்று சொல்கிறான், சபை பதில் சொல்கிறது, செத்தவன் விடுதலையாகிறான்.

இந்தக் கதையில் என்னை நிறுத்துவது அந்தப் பையன்தான். ஊர் அவனைத் தங்களில் ஒருவனாக ஏற்கவே இல்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்பாவோ மாமாவோ அல்ல, வழிப்போக்கர் ஒருவர். தன் தந்தை வதைத்த அதே ஊர்க்காரர்களின் நடுவில் நின்று அவன் தொடங்க வேண்டும், அவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். துக்கக் கத்திஷின் மூலக்கதையே, சபைக்கு வெளியே நின்ற ஒருவனை உள்ளே கொண்டுவந்த கதை.

நடைமுறையிலும் இது முதலில் சிறுவர்களுக்கானதாகவே இருந்தது. பெரியவர்கள் தந்தைக்காக ஜெபத்தையே முன்னின்று நடத்தலாம்; பதின்மூன்று வயது ஆகாத பையனுக்கு அந்த உரிமை கிடையாது. அவனும் அப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று வழிபாட்டின் முடிவில் இந்த இடத்தைக் கொடுத்தார்கள். அநாதையின் கத்திஷ் என்றுதான் இன்றைக்கும் இதற்குப் பெயர். காலப்போக்கில் பெரியவர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். கிழக்கு ஐரோப்பாவில் ஆண் குழந்தையை “என் கத்திஷ்” என்றே கொஞ்சும் அளவுக்கு அது வளர்ந்தது. கொள்ளி வைக்க ஒரு பிள்ளை என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்த ஏக்கம் அப்படியே அங்கேயும்.

பதினொரு மாதக் கணக்கு வந்த விதம் அழகானது. தீயவர்கள் நரகத்தில் பன்னிரண்டு மாதம் தீர்ப்பை அனுபவிப்பார்கள் என்று தால்முத்துக்கு அடிப்படையான சட்ட நூல் மிஷ்னாவில் அகிவாவின் வாக்கு ஒன்று உண்டு. அப்படியானால் மகன் பன்னிரண்டு மாதமும் கத்திஷ் சொன்னால், என் அப்பா தீயவர் என்று அவனே ஊரறியச் சொன்னதுபோல் ஆகிவிடும். அதனால் ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுவது வழக்கம் என்று 16-ஆம் நூற்றாண்டில் கிராக்கோவின் ரபி மோசே இஸ்ஸர்லெஸ் பதிவு செய்தார். மற்றபடி ஷிவா எனப்படும் முதல் ஏழு நாள் துக்கம், முப்பது நாள் துக்கம் எல்லாம் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி என எல்லோருக்கும் பொது. பெற்றோருக்கு மட்டும்தான் ஓராண்டுத் துக்கம். ஆண்டுதோறும் எபிரேய நாள்காட்டியின்படி வரும் நினைவுநாளிலும் கத்திஷ் சொல்வார்கள்.

ஒரு காலத்தில், உரிமை உள்ளவர்களுக்கு உள்ளேயும் வரிசை இருந்தது. மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் அஷ்கெனாசிச் சபைகளில் ஒரு கத்திஷை ஒருவர்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. துக்கத்தில் ஐந்து பேர் இருந்தால் ஷிவாவில் இருப்பவர் முன்னாலா, நினைவுநாள் வந்தவர் முன்னாலா, உள்ளூர்க்காரரா வெளியூர்க்காரரா என்று பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் சீட்டுப் போடுவார்கள். ஸ்பெயின் வழி வந்த செபார்டிகள் ஆரம்பத்திலிருந்தே எல்லோருமாகச் சேர்ந்து சொன்னார்கள். 1831-இல், இன்று போலந்தில் உள்ள போசென் நகரைக் காலரா தாக்கியபோது துக்க வீடுகள் பெருகிவிட, அங்கிருந்த ரபி அகிவா எகெர் எல்லோரும் சேர்ந்தே சொல்லலாம் என்று அனுமதித்தார். இப்போது பெரும்பாலான இடங்களில் அதுதான் வழக்கம்.

சரி, மகள்கள் விஷயத்துக்கு வருவோம். நமக்குக் கிடைக்கும் பழைய வழக்குகளில் மிகத் தெளிவானது ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. 17-ஆம் நூற்றாண்டு. மகன் இல்லாத ஒருவர் சாகும் முன்பே ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறார்: தினமும் பத்துப் பேர் தன் வீட்டுக்கு வந்து தோரா படிக்க வேண்டும், அவர்களுக்குக் கூலி உண்டு, பாடம் முடிந்ததும் தன் மகள் கத்திஷ் சொல்ல வேண்டும், இப்படிப் பன்னிரண்டு மாதம். அவள் சொன்னாள். ஊர் அறிஞர்களும் தலைவர்களும் தடுக்கவில்லை. கேள்வி ரபி யாயிர் பக்கராக்கிடம் போனது. 1699-இல் பிராங்க்பர்ட்டில் அச்சான அவருடைய தீர்ப்புத் தொகுப்பில் பதில் இருக்கிறது.

பக்கராக் நேர்மையானவர். இதற்கு எதிராக ஆதாரம் எதுவும் இல்லை என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். கடவுளின் பெயரைப் புனிதப்படுத்தும் கடமை பெண்ணுக்கும் உண்டு. சுற்றிப் பத்து ஆண்கள் இருக்கிறார்கள். அவளும் அவருடைய வித்துதான், அவள் சொன்னாலும் தந்தையின் ஆன்மாவுக்கு நிறைவு உண்டு என்கிறார். இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆனாலும் தடுக்க வேண்டும் என்று முடிக்கிறார். இதை விட்டால் ஆளாளுக்குத் தன் யோசனைப்படி நடக்கத் தொடங்குவார்கள், வழக்கங்களின் பலம் போய்விடும் என்பது அவருடைய கவலை. அந்தத் தொகுப்பின் பெயரையே அவர் தம் பாட்டி ஹவாவின் நினைவாக வைத்தவர்; பாட்டி பெரிய படிப்பாளி. சட்டம் மகளுக்கு இடம் தருகிறது, வழக்கத்தின் மேல் உள்ள அச்சம்தான் தடுக்கிறது என்பதை அவரே எழுத்தில் வைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்களுக்கு அது கதவைத் திறந்து வைத்ததுபோல் ஆயிற்று.

1916-இல் ஹென்றியெட்டா சோல்டின் தாயார் இறந்தார். சோல்ட் அமெரிக்காவில் ஹதாஸா பெண்கள் அமைப்பைத் தொடங்கியவர், ரபியின் மகள். வீட்டில் எட்டும் பெண் குழந்தைகள், மகன் இல்லை. குடும்ப நண்பர் ஹய்ம் பெரட்ஸ், உங்கள் சார்பில் நான் கத்திஷ் சொல்கிறேன் என்று அன்போடு முன்வந்தார். அதற்கு சோல்ட் எழுதிய பதில் இன்றும் யூதப் பெண்கள் மத்தியில் திரும்பத் திரும்பப் படிக்கப்படுகிறது. நன்றி சொல்கிறார், ஆனால் ஏற்க முடியாது என்கிறார். பெற்றவர் சபையோடு வைத்திருந்த உறவை இனி நான் ஏற்கிறேன் என்று பிள்ளை ஊரறியச் சொல்வதுதான் கத்திஷ். அதை இன்னொருவர் எப்படி என் சார்பில் சொல்வார் என்பது அவர் வாதம். நேரப்படி செய்ய வேண்டிய கடமைகளிலிருந்து பெண்களுக்கு விலக்குத் தந்தது செய்ய முடியாத நிலையில் இருந்தவர்களுக்காக. செய்ய முடிகிறவளைத் தடுக்க அல்ல என்றும் எழுதினார். அப்பா இறந்தபோதும், மகள்களின் இடத்தில் வேறு யாரையும் அம்மா நிற்க விடவில்லை என்பதையும் நினைவுபடுத்தினார்.

பெண் கத்திஷ் சொன்னதே இல்லை என்று சாதிப்பவர்களும் உண்டு. ஆனால் 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மரபுவழி யூதர்களின் பெரிய தீர்ப்பாளராக இருந்த ரபி மோசே ஃபைன்ஸ்டைன் வேறொரு விஷயத்தை எழுதும்போது போகிற போக்கில், எல்லாத் தலைமுறையிலும் தர்மம் கேட்க ஓர் ஏழைப் பெண்ணோ கத்திஷ் சொல்ல ஒரு துக்கக்காரியோ ஆண்கள் கூடும் இடத்துக்கு வருவது வழக்கம்தான் என்று குறிப்பிடுகிறார். வாதத்துக்காகச் சொல்லாமல் சாதாரணமாகச் சொன்னதால் அந்த வரிக்கு எடை கூடுதல். இன்றைக்கு நவீன மரபுவழிச் சபைகள் பலவற்றில் பெண்கள் தங்கள் பகுதியில் நின்றபடியே சொல்கிறார்கள்; சில இடங்களில் ஓர் ஆணும் கூடவே சொன்னால்தான் ஒப்புக்கொள்வார்கள். மிகக் கடுமையான மரபுவாதிகளான ஹரேதிகளிடம் இது கிடையாது. 2013 ஏப்ரலில் எருசலேமின் மேற்குச் சுவரில் கத்திஷ் சொல்லும் பெண்கள் கைதாவார்கள் என்று காவல்துறை எச்சரித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அப்படி யாரையும் கைது செய்யப்போவதில்லை என்ற உறுதி வந்தது.

சொல்வது ஒன்று, பத்தில் ஒருவராக எண்ணப்படுவது வேறொன்று. மரபுவழிச் சபையில் பெண்கள் நூறு பேர் இருந்தாலும் மின்யான் ஆகாது. மரபுக்கும் மாற்றத்துக்கும் நடுவில் நிற்கும் அமெரிக்கக் கன்சர்வேடிவ் இயக்கத்தின் சட்டக் குழு 1973-இல் பெண்களையும் எண்ணலாம் என்று வழி திறந்தது. மாற்றங்களை அதிகம் ஏற்கும் சீர்திருத்தச் சபைகளில் ஆண் பெண் பேதம் இல்லை.

மதம் மாறி வந்தவர் விஷயம் இன்னும் நுட்பமானது. மாறியவர் அன்றுதான் பிறந்த குழந்தை போன்றவர் என்கிறது யூதச் சட்டம். பழைய உறவுகள் சட்டத்தின் பார்வையில் அறுந்துவிடுகின்றன. அப்படியானால் அவருக்குத் தந்தையே இல்லை, யாருக்காகக் கத்திஷ்? இந்தக் கேள்விக்குப் பின்ஸ்க் நகரின் ரபி ஆரோன் வால்கின் இரண்டாம் உலகப் போருக்கு முன் பதில் எழுதினார், சொல்லலாம் என்றார். மதம் மாறியவர் யூதரல்லாத தன் தந்தையை அவமதிக்கக் கூடாது என்று ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. உயர்ந்த புனிதத்திலிருந்து தாழ்ந்ததற்கு வந்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. பெற்றவருக்குப் பட்ட நன்றிக்கடன் மதம் மாறியதால் தீர்ந்துவிடாது என்பதே சாரம். பிற்காலத்தில் இஸ்ரேலின் செபார்டித் தலைமை ரபியாக இருந்த ஒவாதியா யோசேப்பும் அனுமதித்தார். இன்று ஒரு மருமகளோ மருமகனோ யூதராக மாறி, கிறிஸ்தவரான தன் அம்மாவின் பெயரை மனதில் வைத்துச் சபையில் எழுந்து நின்றால், அவருக்குப் பின்னால் இந்தத் தீர்ப்புகளின் துணை இருக்கிறது.

கூலிக்குச் சொல்ல வைப்பதும் பழைய வழக்கம்தான். பிள்ளை இல்லாதவர்கள், தினமும் ஆலயம் போக முடியாத பிள்ளைகள், ஏதாவது தோராக் கல்விக்கூடத்துக்கு நன்கொடை கொடுத்து அங்குள்ள மாணவரைச் சொல்ல வைக்கிறார்கள். சட்டப்படி குறை இல்லை. ஆனால் மகள் சொல்லத் தயாராக இருக்கும்போது அவளை உட்கார வைத்துவிட்டு, முகம் தெரியாத ஒருவருக்குப் பணம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவளும் அவருடைய வித்துதான் என்று பக்கராக்கே எழுதியிருக்கிறார்.

பத்துப் பேர் கிடைக்காத இடங்களில் உரிமை இருந்தும் பயனில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. இஸ்ரேல் உருவான பின் அங்குள்ள குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட, பல ஆண்டுகளாகவே வெளியூரிலிருந்து யூதப் பயணிகள் வந்தால்தான் அங்கே மின்யான் கூடும் என்ற நிலை. தொலைவு பற்றிய கேள்வி இப்படிப்பட்ட ஊர்களுக்கு எப்போதும் இருந்தது. 2020-இல் கொரோனா அதை எல்லோருக்குமான கேள்வியாக்கியது. கன்சர்வேடிவ் இயக்கம் 2001-இலேயே ஒரு வழி சொல்லியிருந்தது: பத்துப் பேர் ஓரிடத்தில் கூடியிருந்தால் தொலைவில் இருப்பவர் இணைப்பு வழியாகச் சேர்ந்துகொள்ளலாம், அங்கே நேரில் ஒருவரும் கூடவே கத்திஷ் சொன்னால் அவரும் சொல்லலாம். ஆலயங்கள் பூட்டப்பட்ட 2020 மார்ச்சில், நெருக்கடிக் காலம் என்பதால் திரையில் கூடும் பத்துப் பேரையே மின்யானாகக் கொள்ளலாம் என்று ஒரு படி மேலே போனார்கள். மரபுவழி ரபிமாரில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. அவர்கள் பக்கம் பால்கனிகளிலும் முற்றங்களிலும் நின்று, ஒருவரை ஒருவர் பார்க்கும்படி மின்யான் சேர்த்தார்கள். அதுவும் கூடாத ஊர்களில் அந்த ஆண்டு பெற்றோரை இழந்தவர்கள் கத்திஷ் இல்லாமலேயே வீட்டில் இருந்தார்கள்.

சொல்ல ஆளே மிஞ்சாத குடும்பங்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வி நாஜிப் படுகொலைக்குப் பின் வந்தது. மொத்தக் குடும்பமும் போயிருக்கும், இறந்த நாளும் தெரியாது. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டதன் நினைவாக உபவாசம் இருக்கும், எபிரேய நாள்காட்டியின் தேவேத் மாதம் பத்தாம் நாளை, இஸ்ரேல் உருவான சில ஆண்டுகளுக்குள் தலைமை ரபி மன்றம் பொதுக் கத்திஷ் நாளாக அறிவித்தது. உறவினர் இறந்த நாள் தெரியாதவர்கள் அன்று சொல்கிறார்கள். சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் ஆண்டு முழுவதுமே, துக்கத்தில் இருப்பவரோடு சபை மொத்தமும் எழுந்து நின்று கத்திஷ் சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. சொல்ல யாரும் இல்லாதவர்களுக்காக நாங்கள் சொல்கிறோம் என்பது அவர்கள் தரும் காரணம். பெற்றோர் உயிரோடு இருக்கும்போது துக்கக் கத்திஷைச் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இது இன்னும் உறுத்துகிறது. எல்லோரும் எழுந்துவிட்டால் துக்கத்தில் இருப்பவர் யார் என்று எப்படித் தெரியும், யாருக்கு ஆறுதல் சொல்வது என்றும் அவர்கள் கேட்கிறார்கள். அதனால் சில சபைகளில் துக்கத்தில் இருப்பவர்களை முதலில் எழச் சொல்லி, அவர்கள் பெற்றோரின் பெயரை வாய்விட்டுச் சொன்ன பிறகே மற்றவர்கள் எழுகிறார்கள்.